மகளின் கையுறை

கெலமங்கலத்தில் ஓசூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ரோஜாப் பண்ணைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி. மற்றவள் மடியில் ஒரு ஜோடி சின்னக் கையுறை வைத்திருந்தாள்.

“எம் மவளோட கிளவுச திருடிட்டு வந்துட்டேன்க்கா” என்றாள் அவள்.

“பெத்தவளே திருடுவாளாடி?”

“இது இல்லாம முள்ளுல கை வைக்க உட மாட்டீங்களே. இனிமே பாப்பா பள்ளிக்கூடந்தான் போவணும்.”

“பிப்ரவரிடி இது. வெளிநாட்டுக்குப் பூ போற சீசன். அது முடிஞ்சதும் போவட்டும்.”

“அது முடிஞ்ச கையோட பத்தாங்கிளாஸ் பரீட்சை வந்துடும். பெரியவளும் போன வருசம் சீசன் முடியட்டும்னுதான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னா. இன்னும் உங்ககிட்டதான் பூ வெட்டறா.”

“பாப்பாவாத்தான் வந்து வேலை கேட்டா. வூட்ல அடுப்பு எரியலன்னு சொன்னா.”

“கேப்பா. கல்குவாரி மூடி நான் சும்மா கெடக்கறதப் பாத்துட்டுக் கேக்கறா. அவளுக்குப் பதிலா என்னச் சேத்துக்கங்க.”

“உனக்கு வேகம் வராதுடி. சின்னப் புள்ளைங்க கைதான் சரசரன்னு ஓடும்.”

“எவனோ எவளுக்கோ நீட்டற பூவுதானக்கா. கொஞ்சம் மெதுவாப் போய்ச் சேரட்டும்.”

மேஸ்திரி சிரித்துவிட்டாள். “சரி, வா. கேட்டுப் பாக்கறேன்.”

பண்ணை வந்ததும் இருவரும் எழுந்தார்கள். அவள் மகளின் கையுறையை மாட்டிப் பார்த்தாள். அது பாதி விரலோடு நின்றுவிட்டது.

“அது உனக்குச் சேராது. உள்ள பெரிய சைஸ் ஜோடி இருக்கு.”

“அப்ப இது ராத்திரி அடுப்புக்கு” என்று சொல்லிக்கொண்டே அவள் முதலில் இறங்கினாள்.