குமிழி நிற்கும் வரை

செல்வம்மாள்: ...இந்த வெயில்ல ஹீட்டரா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?

அந்தோணிமுத்து: போடுடி. முழு சூட்டுல வை.

செல்வம்மாள்: வண்டிக்குக் கூலன்ட் தண்ணி மாத்துறேன்னுட்டு என்னைய ஏன் உள்ள உக்கார வச்சு வேக வைக்கிறீங்க?

அந்தோணிமுத்து: ஹீட்டர் குழாய்லயும் தண்ணி ஓடணும் செல்வம். காத்து அங்கதான் போயி ஒளிஞ்சிக்கும். பழசை எறக்கிட்டுப் புதுசை ஊத்துறது யாரு வேணா செய்யலாம். நடுவுல உள்ள பூந்த காத்தை வெளிய எடுக்கணும் பாரு, அதான் வேலை.

செல்வம்மாள்: எடுக்காட்டி?

அந்தோணிமுத்து: காத்து நிக்கிற எடத்துக்குத் தண்ணி போவாது. எஞ்சின் கொதிச்சு நடுரோட்டுல நின்னுக்கும்.

செல்வம்மாள்: கரண்ட் ஆபீஸ்ல சண்டை போட்டுட்டு நீங்க நின்ன மாதிரி.

அந்தோணிமுத்து: வாய் மட்டும் கொறையல... ஆக்ஸிலேட்டரை லேசா மிதி. லேசாங்கிறேன்! தையல் மிஷினா அது?

செல்வம்மாள்: உங்க போன் அடிக்குது.

அந்தோணிமுத்து: சிவபாலன்தான். தெருமுனையில நிக்கிறானாம், வாளை மீன் கொண்டாந்திருக்கானாம்... போயி வாங்கிட்டு வந்துடுறேன். நீ எறங்கி இங்க வந்து நில்லு. இந்தத் திருகு வழியா குமிழி வருது பாத்தியா? அது நின்னு, தண்ணி மட்டும் சன்னமா ஒழுகும். அப்ப திருகை மூடு. அதுக்கு முன்னாடி மூடிடாத.

செல்வம்மாள்: பூசைக்கு மொத மணி அடிச்சாச்சுங்க.

அந்தோணிமுத்து: ரெண்டாவது மணிக்குள்ள நின்னுடும்.

செல்வம்மாள்: அவருகிட்ட போனா நாயம் பேசிக்கிட்டு நிப்பீங்க...

அந்தோணிமுத்து: இல்லடி. இந்தா, போனேன் வந்தேன்...

செல்வம்மாள்: ...வந்துட்டீங்களா? இதான் போனேன் வந்தேனா? எத்தினி நேரம்! ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு.

அந்தோணிமுத்து: அவன் எங்க விடுறான்? மூடிட்டியா?

செல்வம்மாள்: ம்.

அந்தோணிமுத்து: குமிழி நின்னுச்சா?

செல்வம்மாள்: நின்னுச்சு.

அந்தோணிமுத்து: சுத்தமா?

செல்வம்மாள்: நின்னுச்சுங்கிறேன்ல. நான் கெளம்புறேன்.

அந்தோணிமுத்து: கெட்டிக்காரி. எனக்கும் சேத்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டு வா.

* * *

சிவபாலன்: ...நாலு மணிக்கு ஜெயபிரகாஷ் வந்து வண்டிய எடுத்துட்டுப் போகப் போறான். வண்டி வாங்குறவன் கூலன்டை மாத்திக்க மாட்டானா தங்கச்சி?

செல்வம்மாள்: மாத்தித்தான் குடுக்கணும். காத்தை எடுத்துத்தான் குடுக்கணும் அண்ணே. அவங்க வீட்டுலயும் பொண்டாட்டி புள்ள இருக்கு. வழியில நிக்கக் கூடாது.

சிவபாலன்: கிளிஞ்சல்மேட்டுல படகு எஞ்சின் பாக்கிறவனைக் கூப்புட்டு கார் வேலை வாங்குற. எங்களுக்கு ஏது கூலன்ட்டு? கடலே தண்ணி ஊத்தும்.

செல்வம்மாள்: எஞ்சின் வேலையெல்லாம் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேம்பாரு அவரு.

சிவபாலன்: அந்தோணியா? என் மூஞ்சிக்கு நேரா ஒரு நாளும் சொன்னதில்லயே, படுபாவி... வாளிய கொஞ்சம் நகத்தும்மா. ஆங். அடித்திருகைக் கழட்டுறேன்.

செல்வம்மாள்: பாத்து, மேல தெறிக்கும்.

சிவபாலன்: தெறிக்கட்டும்... டிக்கில இன்னும் நண்டு வாடை அடிக்குதே!

செல்வம்மாள்: அடிக்காம? ஒரு நண்டு சாக்குலேருந்து தப்பிச்சுப் போயி, மூணு நாளு கழிச்சு சீட்டுக்கு அடியில கெடைச்சுதே. ஞாபகம் இருக்கா?

சிவபாலன்: நெடுங்காட்டுப் பங்குச் சாமியாரை ஏத்திட்டு வந்த அன்னைக்கு. பாவம், கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தாரு.

செல்வம்மாள்: ‘சாமி, நம்ம ஊரு காத்து அப்படி’ன்னாரே உங்க கூட்டாளி!

சிவபாலன்: ஹஹ்ஹா... சிரிக்கிற தங்கச்சி. உன் சிரிப்பைப் பாத்து வருசம் ஒண்ணாச்சு.

செல்வம்மாள்: வேலையப் பாருங்க அண்ணே.

சிவபாலன்: உன் பொண்ணு ஆன்லின் புதுச்சேரியிலேருந்து போன் பண்ணிச்சு. ‘கோயில்ல எனக்குப் புதுநன்மை குடுத்தப்ப அப்பா வாங்குன வண்டி மாமா, அம்மாகிட்ட விக்க வேணாம்னு சொல்லுங்க’ன்னு ஒரே அழுகை.

செல்வம்மாள்: அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வண்டி இனிமே இந்த வாசல்ல நிக்கக் கூடாது அண்ணே.

சிவபாலன்: வண்டி என்னம்மா பண்ணுச்சு?

செல்வம்மாள்: எல்லாம் எறங்கிட்டா பாருங்க.

சிவபாலன்: எறங்கிட்டு. பச்சை மாறவே இல்ல... துளி துரு இல்ல.

செல்வம்மாள்: எவ்வளவு வந்திருக்கு?

சிவபாலன்: வாளிக் கோடு... நாலரை லிட்டரு.

செல்வம்மாள்: நாலரையா? அவரு ஊத்துனதே நாலரைதான். கொறைஞ்சிருக்கணுமே.

சிவபாலன்: ஏன் கொறையணும்?

செல்வம்மாள்: அன்னைக்குக் கொதிச்சுப் பொங்கி ஊத்திச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? விழிதியூர் கல்யாணத்துல நெஞ்சு வலின்னு அவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டு வர்றப்ப, வயக்காட்டு ரோட்டுல ஆவி பறக்க நின்னுட்டுன்னு...

சிவபாலன்: ம்... சொன்னேன். தண்ணி ஊத்துனேன்ல. வாய்க்கால் தண்ணி.

செல்வம்மாள்: வாய்க்கால் தண்ணி ஊத்தியா பச்சை மாறல?

சிவபாலன்: புதுசை எடு தங்கச்சி. நேரமாவுது. மெதுவா ஊத்து... சிந்தாம.

செல்வம்மாள்: ஊத்துறேன்.

சிவபாலன்: போதும், போதும். நான் உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்றேன். புது பேட்டரி, ஒரே முடுக்குல புடிச்சுக்கும் பாரு... ஆங்! கேட்டியா சத்தத்தை? நீ போயி நெழல்ல உக்காரு. திருகை நான் பாத்துக்கிறேன்.

செல்வம்மாள்: இல்ல. நான் நிக்கிறேன். நீங்க ஹீட்டரைப் போடுங்க.

சிவபாலன்: கால் மணியாவது ஆவும்மா.

செல்வம்மாள்: ஆவட்டும். குமிழி நிக்கிற வரைக்கும் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்.

சிவபாலன்: என்னமோ தவம் கெடக்குற மாதிரி...

செல்வம்மாள்: ...அன்னைக்கு நிக்கல அண்ணே.

சிவபாலன்: என்னைக்கு? எது நிக்கல?

செல்வம்மாள்: குமிழி. நீங்க வாளை கொண்டாந்தீங்களே, அந்த ஞாயித்துக்கெழமை. என்னையத்தான் நிக்க வச்சுட்டு வந்தாரு. பூசைக்கு ரெண்டாவது மணி அடிச்சுது. வந்துக்கிட்டே இருந்துச்சு குமிழி... நான் திருகை மூடிட்டேன்.

சிவபாலன்: அதுக்கென்ன இப்ப?

செல்வம்மாள்: திரும்பி வந்து ரெண்டு தடவ கேட்டாரு. நின்னுச்சு, நின்னுச்சுன்னேன். மூணாம் நாளு புதன்கெழமை அவரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு, வண்டி கொதிச்சு நிக்கிது. அரை மணி நேரம்!

சிவபாலன்: தங்கச்சி...

செல்வம்மாள்: ‘அரை மணி முந்திக் கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்’னு சாவு வீட்டுல ஒரு பொம்பளை சொன்னா. யாருன்னுகூடத் தெரியல. தலைமாட்டுல நான் ஒக்காந்திருக்கேன். அந்த அரை மணி நான் மூடுன திருகு அண்ணே.

சிவபாலன்: இதையா... ஒரு வருசமா இதையா வச்சிக்கிட்டு இருந்த?

செல்வம்மாள்: பாவசங்கீர்த்தனத்துலகூட சொல்லல. பூசைக்கு ஓடுறதுக்காகச் செஞ்சதை, பூசை வைக்கிறவருகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? இனிமே எங்கிட்ட பேச மாட்டீங்கன்னு தெரியும். பேச வேணாம். திட்டிட்டாவது போங்க.

சிவபாலன்: குமிழி வருதா இன்னும்?

செல்வம்மாள்: ஒண்ணு ரெண்டு... இல்ல. நின்னுடுச்சு. தண்ணிதான் ஒழுகுது.

சிவபாலன்: மூடு.

செல்வம்மாள்: மூடிட்டேன். வண்டிய அணைங்க.

சிவபாலன்: ஓடட்டும். நீ ஜெயபிரகாசுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லு.

செல்வம்மாள்: எதுக்கு?

சிவபாலன்: வண்டி கொதிக்கல.

செல்வம்மாள்: என்னா?

சிவபாலன்: அன்னைக்கு இந்த வண்டி கொதிக்கவும் இல்ல, அதுவா நிக்கவும் இல்ல. மிச்சம் இருந்த காத்து தானா மேல ஏறித் தொட்டிக்குப் போயிருக்கும். சில நேரம் போவும்.

செல்வம்மாள்: என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. வேணாம் அண்ணே.

சிவபாலன்: உன் மனசு ஆறவா? இதைக் கேட்டுட்டு நீ என்னைய வாசப்படி ஏத்துவியோ மாட்டியோ தெரியல.

செல்வம்மாள்: அப்ப அந்த அரை மணி நேரம்?

சிவபாலன்: நான்தான் நிறுத்துனேன்.

செல்வம்மாள்: ஏன்?

சிவபாலன்: ரோட்டுல ஏறி ரெண்டு நிமிசம்கூட ஆவல. ‘செல்வத்துக்கிட்ட சொல்லாத, பயந்துடுவா’ன்னான். அப்படியே என் தோள்ல சாஞ்சிட்டான். கூப்புட்டேன், கூப்புட்டேன்... பேச்சு இல்ல. ஓரங்கட்டுனேன். நகந்தா தலை சரிஞ்சிடுமேன்னு அப்படியே ஒக்காந்துட்டேன் தங்கச்சி. உன் முன்னாடி வந்து என்னான்னு சொல்லுவேன்? ஆஸ்பத்திரியில ‘ஏன் இவ்வளவு நேரம்’னு கேட்டாங்க, வண்டி சூடாயிட்டுன்னு வாயில வந்துட்டு. நிறுத்தாம ஓட்டியிருந்தா பொழைச்சிருப்பானா, அப்பவே போயிட்டானா... எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். எஞ்சினை நான் அணைக்கவே இல்ல. அந்த அரை மணியும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு அவன் மொகத்தைப் பாக்கத் தைரியம் இல்லாம எஞ்சின் சூட்டைக் காட்டுற இந்த முள்ளையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுக்கோட்டைத் தாண்டல... இங்க வந்து எட்டிப் பாரு. இப்பவும் அங்கதான் நிக்கிது.