பேச விடாத குரூப்

...நூலகச் சட்டத்தைப் பத்திப் பேசினது போதும். முன்வரிசையிலயே நாலு பேருக்குக் கண்ணு சொருகுது. மத்தியானச் சாப்பாடு அப்படி! சரி, ஒரு குட்டிக் கதை சொல்றேன், நிமிர்ந்து உக்காருங்க. ராஜா கதை இல்லை, உங்க கதைதான். ஒரு நூலகர் கதை.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகம். அங்க நூலகர் அமலோற்பவம். கெட்டிக்கார அம்மா. ஆனா ஒண்ணு... சத்தம் மட்டும் ஆகாது. யாராவது நாற்காலியை இழுத்தா, மூக்குக் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க... இழுத்தவன் நாற்காலியைக் கையில தூக்கிக்கிட்டே நிப்பான்!

மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. 'வாசகர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கணும்.' ஆரம்பிச்சாங்க. முந்நூறு பேரு சேர்ந்தாங்க. முதல் நாள் காலையில என்ன வந்துச்சு? நீங்களே சொல்லுங்க... ஆங், ரோஜாப்பூ! குட் மார்னிங்! அடுத்து ஒருத்தர், 'இன்னைக்கு லைப்ரரி உண்டா?' இன்னொருத்தர், 'அந்த நாவலைத் திருப்பித் தராம அமுக்கி வெச்சிருக்கிற புண்ணியவான் யாருப்பா?' டிங்... டிங்... டிங்... அந்தம்மாவுக்குத் தாங்கலை. 'இது நூலகமா, சந்தைக்கடையா?' செட்டிங்ஸைத் திறந்தாங்க. அட்மின் மட்டும்தான் எழுதலாம்னு வெச்சு ஒரே அமுக்கு. முந்நூறு வாயும் மூடிடுச்சு.

சிரிக்கிறீங்க. இங்க எத்தனை பேரு குரூப்பு அப்படி இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம்... ம். தூக்காதவங்களையும் எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் தினம் ஒரு புத்தகத்தைப் படம் பிடிச்சுப் போட்டாங்க. உழைச்சாங்க, நான் குறை சொல்லலை. எல்லாரும் பார்த்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. எங்க இருந்து சொல்றது?

அந்த முந்நூறுல ஒருத்தி, பேரு சத்தியகலா. ஷூ கம்பெனியில தையல் வேலை. அரசு வேலைக்குப் பரீட்சை எழுதப் போறா. வயசு வரம்பு முடியுது. இந்த ஒரு தடவைதான், இதை விட்டா ஆயுசுக்கும் கிடையாது. கணக்குல மட்டும் கொஞ்சம் ஆட்டம். ஒரு நாள் குரூப்புல வருது ஒரு படம்... அவளுக்கு வேண்டிய அதே கணக்குப் புத்தகம்! ஆனா பாருங்க, நூலகம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பூட்டிடும். கம்பெனி பஸ் இவளை இறக்கிவிடுறது ஏழேகால். ஞாயித்துக்கிழமையும் ஆர்டர் அவசரம்னு வேலை. மேடம் நம்பருக்குத் தனியா எழுதவும் பயம். என்ன பண்ணுவா?

ஆறு வாரம் ஓடிப்போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, நமக்கு வார லீவு. நம்ம அமலோற்பவம் மிளகாய் அரைக்க மில்லுல வரிசையில நிக்கிறாங்க. ஒரு பொண்ணு பக்கத்துல வந்து, மில்லு சத்தத்துல கத்திக் கேக்குது.

'மேடம்... நீங்க லைப்ரரி மேடம்தானே?'

'ஆமாம்மா, நீ யாரு?'

'உங்க குரூப்புல இருக்கேன் மேடம், சத்தியகலா. நீங்க போட்ட கணக்குப் புத்தகத்துக்காக நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் பூட்டைத்தான் பார்த்தேன். இன்னைக்குக் கம்பெனிப் பக்கம் கரண்ட் இல்லைன்னு லீவு விட்டாங்க, ஓடி வந்தா உங்களுக்கும் லீவு. பரீட்சைக்குப் பதினாறு நாள்தான் இருக்கு மேடம்.'

'அட, என்னம்மா நீ! குரூப்புல ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?'

அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா?

'கேக்க விட்டீங்களா மேடம்?'

...

மில்லு போட்ட சத்தத்துலயும் அந்த ஒரு வரி தெளிவா காதுல விழுந்துச்சு. மிளகாய் டப்பாவை வரிசையில வெச்சுட்டு, அங்கேயே போனை எடுத்தாங்க. எல்லாரும் எழுதலாம்னு குரூப்பைத் திறந்து விட்டாங்க. 'நூலக நேரத்துல வர முடியாதவங்க யாரு யாரு? என்ன புத்தகம் வேணும்? சொல்லுங்க'ன்னு போட்டாங்க. மிளகாய் அரைச்சு முடியறதுக்குள்ள நாப்பத்தோரு பதில்! ஆட்டோக்காரர், நர்ஸம்மா, ஜவுளிக்கடையில நாள் பூரா நிக்கிற பொண்ணு... ஆமா, நடுவுல ரெண்டு ரோஜாப்பூவும்.

அந்த லீவு நாள்லயே நூலகத்தைத் திறந்து சத்தியகலாவுக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாங்க. மறுநாள்ல இருந்து தினம் ஏழேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டுல நின்னாங்க, ஒரு பை நிறையப் புத்தகம், கையில ரெஜிஸ்டர். உதவியாளர் பதறினார். 'மேடம், ரூல்ல இடமில்லையே!' 'உறுப்பினருக்குப் புத்தகம் கொடுக்கச் சொல்லி ரூல் இருக்கா? இருக்கு. எங்க நின்னு கொடுக்கணும்னு எழுதியிருக்கா? எடுத்துக் காட்டுங்க சார்.' அவர் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கார்.

ரிசல்ட்டு வந்துச்சு. சத்தியகலாவுக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்னா, நீங்க நல்லாக் கைதட்டிட்டு மறந்துடுவீங்க. கிடைக்கலைங்க. மூணு மார்க்கு. மூணே மார்க்குல போச்சு.

அவ குரூப்புல எழுதினா: 'எனக்கு மூணு மார்க்குல போயிடுச்சு. கணக்குப் புத்தகத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அடுத்து யாருக்கு வேணும்?'

ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதைப் படிச்சுட்டு அமலோற்பவம் நூலகத்துல, அத்தனை வாசகர் முன்னாடியும், வாய்விட்டு அழுதாங்க.

ஏங்க, ஆறு வாரம் முன்னாடி அந்தப் புத்தகம் கையில இருந்திருந்தா மூணு மார்க்கு வராதா? பதில் சொல்லுங்க! அதை யாரு தடுத்தா? பட்ஜெட்டா? கட்டடமா? ஒரு விரல் தடுத்துச்சு. நம்ம விரல்.

வாசகன் வரலை, வாசகன் வரலைன்னு காலையில இருந்து இந்த மேடையில ஒப்பாரி வெச்சோம். ஏங்க, அவன் வந்துட்டான்! நம்ம போனுக்குள்ள வந்து நிக்கிறான். நாமதான் அவன் வாயைக் கட்டி வெச்சிருக்கோம். வாட்ஸ்அப்பு, ஃபேஸ்புக்கு எல்லாம் நோட்டீஸ் ஒட்டுற சுவரில்லை. அவங்க பேசணும், நாம கேக்கணும், அதுக்குத்தான் அது. சத்தம் வரும். சண்டை வரும். வரட்டும்! அதையெல்லாம் தள்ளிப் பார்த்தா, பத்தாவது வரியில ஒருத்தி கேட்டிருப்பா, 'மேடம், இந்தப் புத்தகம் கிடைக்குமா?'ன்னு.

டீ வந்துடுச்சு, நானும் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கக் கூடாது. போனை எடுங்க. குரூப்பைத் திறந்து விடுங்க. 'உங்களுக்கு என்ன புத்தகம் வேணும்?'னு ஒரு வரி எழுதுங்க. முதல் பதில் வர்ற வரைக்கும் நானும் இங்கேயே நிக்கிறேன்.