ஊஞ்சல் வேண்டாமாம்

"அந்தப் பொண்ணுக்கு ஊஞ்சல் வேண்டாமாம், தாழ்ப்பாள் வேணுமாம்."

லஸ் முனையில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு மாமிகளில், மடியில் பை வைத்திருந்தவர் சொன்னார். ஏதோ மாதர் கிளப். அடையாறில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஊஞ்சல் போட்டுத் தருவதாகத் தீர்மானமாம். அங்கே இருக்கும் ஒரு பெண்தான் இப்படிக் கேட்டிருக்கிறாள்.

"தாழ்ப்பாள் எதுக்கு?"

"படுக்கற ரூமுக்கு. உள்பக்கமா இருக்கணுமாம். அவ சித்தப்பா வீட்டுல வெளிப்பக்கம் மட்டுந்தான் இருந்ததாம்."

மற்றவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிரசிடெண்ட் என்ன சொல்றா?"

"ஊஞ்சல்னா கிளப் பேரைப் பெரிசா எழுதலாம், தாழ்ப்பாள்ல எங்கே எழுதறதுங்கறா."

"நீ என்ன சொன்னே?"

"ஆசாரியை நேரே அங்கே வரச் சொல்லியிருக்கேன்."

அவர் இறங்கும்போது, பைக்குள்ளிருந்த ஏதோ இரும்புச் சாமான், சீட்டுக் கம்பியில் டங்கென்று இடித்தது.