கொட்டப்பட்ட பைகளின் சார்பில்

குழந்தைகள் ஹார்மோன் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் தலைமை மருத்துவராய் வீற்றிருந்து, இன்று மாலை ஐந்து மணியோடு ஓய்வு பெறும் அம்மையீர்! அளவு நாடாவையே ஆரமாய் அணிந்த அருளே! அழும் பிள்ளையையும் அதைவிட உரக்க அழும் அப்பாவையும் ஒரே பார்வையில் அடக்கும் ஆற்றலே! வணக்கம்.

பால்மணம் மாறாத பெண் குழந்தைக்கு மார்பு தடித்துவிட்டதென்று பதறி வந்தோர்தாம் எத்தனை பேர்! பருவம் முந்திவிட்டதோ என்று பயந்தவர்களையும், பக்கத்து வீட்டார் சொன்ன பதினெட்டுக் காரணங்களைச் சீட்டில் எழுதி வந்தவர்களையும் உட்காரவைத்து, குழந்தையின் உயரத்தைச் சுவரில் அளந்து, மணிக்கட்டு எலும்பின் வயதை எக்ஸ்ரேயில் பார்த்து, "இந்த வயசுல பெரும்பாலும் இது தானா அடங்கிடும். நான் அளந்துட்டே இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க" என்று தேற்றி அனுப்பினீர்கள். வரும்போது கைத்தாங்கலாய் வந்த தாய்மார், போகும்போது ஓடும் பஸ்ஸைத் துரத்திப் பிடித்ததை நாங்கள் ஜன்னல் வழியே கண்டிருக்கிறோம்.

ஆயினும் உங்கள் புகழைப் பாரெங்கும் பரப்பியவை பைகளே! "குழந்தை மேல தடவுறது, வாயில குடுக்கறது, எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்பீர்கள். வந்ததும் மேசையில் கொட்டச் சொல்வீர்கள். எண்ணெய் வந்தது, பவுடர் வந்தது, பெயரே இல்லாத டானிக் வந்தது. ஒரு பையிலிருந்து வீட்டுப் பூட்டு, கதவின் பாதியோடு வந்தது. இன்னொன்றிலிருந்து இறங்கிய பூனை, நேரே போய் டோக்கன் வாங்கி வரிசையில் அமர்ந்தது. முறை வந்ததும் அதற்கும் எடை பார்த்தீர்கள். இதற்குப் பதிவேடே சாட்சி. அதை எழுதியவரே இம்மடலையும் எழுதுவதால் ஐயத்துக்கு இடமில்லை.

ஏழாண்டுக்கு முன் வந்த அந்த இரண்டரை வயதுச் சிறுமியை மறப்போமா! மார்பு வளர்ந்து, எலும்பின் வயதும் முந்தி ஓட, காரணம் புலப்படாமல், வியாழனன்று மயக்க மருந்து கொடுத்துத் தலையை ஸ்கேன் எடுப்பதென்று முடிவாகியிருந்தது. தாயின் பையை மூன்று முறை கொட்டினீர்கள். சோப்பும் சீப்பும் தவிர ஒன்றுமில்லை. "தலைக்குள்ள கட்டி இருக்குமாங்க?" என்று தகப்பன் கேட்டார். நீங்களோ அந்தச் சோப்பை எடுத்து இன்னொரு முறை மோந்து பார்த்தீர்கள்.

அப்போதுதான் நிகழ்ந்தது அந்தத் திருத்தவறு! அடுத்த டோக்கனின் பை என்றெண்ணி, வெளியே பெஞ்சில் காத்திருந்த, அச்சிறுமியின் அத்தையுடைய கைப்பையை வாங்கிக் கவிழ்த்தீர்கள்.

"ஐயையோ, அது என் பை டாக்டரம்மா! மானத்த வாங்காதீங்க!"

"இந்த ட்யூப் எந்தக் குழந்தைக்கு?"

"குழந்தைக்கு இல்லீங்க, எனக்கு. மாதவிடாய் நின்னதுல இருந்து உடம்பெல்லாம் தீயா எரியுது. அதுக்கு எங்க டாக்டர் குடுத்த ஹார்மோன் ஜெல். காலையில ரெண்டு கையிலயும் தடவிக்குவேன்."

"தடவிட்டு?"

"தடவிட்டு இவளைத் தூக்கிக்குவேன். அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போயிட்டா வேற யாரு தூக்குவா?"

சொன்னபின்தான் அவருக்கே உறைத்தது. இரண்டு கைகளும் தாமாக முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டன. "நான் தூக்கினதாலயா?" என்றார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்களோ அந்தக் கைகளை இழுத்துப் போய், தோள்வரை சோப்புப் போட்டு நீங்களே கழுவித் துடைத்து, குழந்தையை அவற்றிலேயே வைத்தீர்கள்! "உங்க கையில இருக்கற ஜெல்தான் இவ தோல்ல ஒட்டி உள்ள போகுது. தூக்கறத நிறுத்தாதீங்க. தடவறத நிறுத்துங்க. உங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன், மாத்திரையா மாத்திக் குடுப்பாரு." வியாழக்கிழமை ஸ்கேனைத் தள்ளிவைத்து, மூன்று மாதம் அளந்து பார்ப்போம் என்று எழுதினீர்கள்.

மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வந்தார். நாத்தனாருக்குக் குடை பிடித்தபடி தாயும் வந்தார். கேட்குமுன்னே அத்தை தம் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு குட்டிச் செருப்பும், கடித்து மிச்சம் வைத்த பாதி பிஸ்கட்டும் விழுந்தன. "பாத்துக்குங்க டாக்டரம்மா, சுத்தம்!" அந்தப் பாதி பிஸ்கட்டையும் மோந்து பார்த்த பிறகே நம்பினீர்கள்.

இன்று இந்த விடைபெறு விழாவில் மூன்றாம் வரிசையில், நீங்கள் கடந்து போகும்போதெல்லாம் பையை இறுகப் பிடித்துக்கொள்பவர் அந்த அத்தைதான். பக்கத்தில், வயதுக்கேற்ற உயரத்தில், ஒரு விரற்கடைகூட முந்தாமல், வயதுக்கு மீறிய வாயோடு மட்டும் அமர்ந்திருப்பவள் அச்சிறுமி.

நடை தளராமல், நகைப்பு குறையாமல், உங்கள் நாடாவால் அளக்க முடியாத நீளத்துக்கு உங்கள் நாள்கள் நீள்க! நாளையேனும் கடைத்தெருவில் யார் பையையும் பிடுங்காதிருக்கும் பொறுமை வாய்க்க!

இறுதியாக ஒரு விண்ணப்பம். இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். உள்ளே எதுவும் ஒளித்துவைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும்.

இங்ஙனம்,
இனித் தங்கள் பைகளைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டிய
குழந்தைகள் ஹார்மோன் பிரிவு ஊழியர்கள்