ஊசியைப் பார்த்து வாங்கிய பேட்ஜ்

ஜான்-டலோன் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் கைப்பையிலிருந்து பழைய கனடியத் தேர்தல் பேட்ஜ் ஒன்றை எடுத்து, அதிலிருந்த முகத்தைப் பார்க்காமல் திருப்பி, பின்பக்க ஊசியைத் தடவினார்.

“இன்னுமொண்டு வாங்கிட்டீங்களோ அக்கா? வீட்டில பெட்டி நிறையக் கிடக்குதே. இதில இருக்கிறவர் ஆர்?”

“தெரியாது. நான் ஊசியைப் பாத்துத்தான் வாங்கிறனான்.”

“ஊசியையோ?”

“ஊரில அண்ணையின்ர சேட்டுப் பொத்தான் அறுந்துபோச்சு. றோட்டில கிடந்த தேர்தல் பேட்ஜ் ஒண்டை எடுத்துக் குத்திக்கொண்டு பஸ் ஏறினவர். செக்பொயின்றில ஆமிக்காரர் அதைக் கண்டிட்டு இறக்கினவங்கள். பேந்து அவர் வரவேயில்லை.”

இளையவர் பேட்ஜை வாங்கித் திருப்பி அதிலிருந்த முகத்தைப் பார்த்தார்.

“அது எந்தக் கட்சியின்ர பேட்ஜ் அக்கா?”

“ஆர் பாத்தது? ஊசி கறள் பிடிக்காமல் மினுங்கினது எண்டுதான் அவர் குத்தினவர்.”