ஐம்பத்தஞ்சு தொட்டா உதறும்

சொல்றேன், அவசரப்படாதீங்க தம்பி. மறுபடியும் கடைக்கு வந்துட்டானேன்னு முகம் சுளிக்கிறீங்க. அதுக்கு முன்னால முறைப்படி ஒரு முன்னுரை. தெருவுல என்னை ஸ்பேனர் ஐயான்னு சொல்லுவாங்க. வயது எழுபத்திரண்டு பூர்த்தி, எழுபத்துமூணு நடப்பு. பள்ளிக்கூடம் எட்டோட சரி. மிச்சமெல்லாம் சுயமாகக் கற்றது. எனது பழைய ஜீப், வேகம் ஐம்பத்தஞ்சு தொட்டதும் ஸ்டியரிங் ஜன்னி கண்ட மாதிரி உதறும். இது தாங்களும் அறிந்ததே.

இல்லப்பா, இன்னிக்குச் சண்டைக்கு வரல. டீ எனக்கா? குடுங்க.

எதுக்கு இவ்வளவு அவசரம்னு அன்னிக்கு கேட்டீங்கல்ல? என் பொண்ணு புது வீடு கட்டிக் குடிபோயிருக்கா. வண்டி சரியானதும் ஒரு மாசம் போய்த் தங்கி, அந்த இல்லத்தின் குறைகளையெல்லாம் சீர்திருத்தி வைக்கணும்னு எனக்கொரு பேரவா. பஸ்ஸா? என் டூல் பெட்டியை எந்த பஸ்காரன் ஏத்துவான்? போன தடவை பழைய வீட்டுல வாஷிங் மெஷினைச் சீர்திருத்தினேன். ஆறு ஸ்க்ரூ மிச்சம். மிச்சம் பிடிக்கிறது நல்ல குணம்தானே? மாப்பிள்ளை அதுலேருந்து கையாலதான் துவைக்கிறார். உடம்புக்கும் நல்லது. சிரிக்காதீங்க.

நிற்க. உதறலுக்கு முதல்ல ஸ்டியரிங் டேம்பரை மாத்தினேன். போகல. டை ராடு முனை ரெண்டையும் மாத்தினேன். போகல. ஜாக்கி வச்சு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார்த்து, பேரிங்கையும் இறுக்கினேன். மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துற ஆளுன்னு வீட்டுக்காரி சொன்னா. கடைசியில உங்ககிட்ட வந்தேன். சக்கரத்தை மெஷின்ல சுத்தவிட்டு, எடை சமமாகறதுக்கு விளிம்புல ரெண்டு ஈயத்துண்டு அடிச்சீங்க. தண்ணியில தோணி மாதிரி வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் எடுத்தா, பழைய குருடி கதவைத் திறடி!

மறுபடி வந்தேன், மறுபடி அடிச்சீங்க, மறுபடி உதறல். மூணாந்தரம் உங்க மெஷினே கோணல்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். சொன்னேன், இல்லேங்கல.

நாலாந்தரம்தான் ஒரு யுக்தி செஞ்சேன். ஈயத்தைச் சுத்தி வெள்ளை பெயிண்டால கோடு போட்டு வச்சேன். காலையில பார்த்தா கோடு இருக்கு, ஈயம் இல்ல. ராத்திரி பூரா வண்டி ஷெட்டுல நின்னது. தானா விழுந்திருந்தா தரையிலயாவது கிடக்கணுமே? ரிம்முல கொறடு கடிச்ச தழும்பு வேற. திருடன்னா டயரையே கொண்டு போயிருப்பான்.

அதே யோசனையா தண்ணி குடிக்க சமையலறைக்குப் போனேன். ஜன்னல்ல அப்படி ஒரு காத்து. திரைச்சீலை மட்டும் ஆடல அசையல. அது அடுப்புப் பக்கம் பறந்து வருதுன்னு எங்க வீட்டுல தினம் ஒரு கூச்சல் நடக்கும். கீழ் மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். எட்டு ஈயத்துண்டு, வரிசையா வச்சுத் தைச்சிருக்கு.

அடுப்படியில நின்ன வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கல. குழம்பைக் கிண்டிக்கிட்டே சொல்றா, பொண்ணு போன்ல அழுதாங்க, புது வீடும்மா, அப்பாவை எப்படியாவது நிறுத்தும்மான்னு, நான் வேற என்ன பண்ணட்டும்னு. வீணாக்க மனசு வரல, அதான் திரையில தைச்சேன்னு வேற.

கோபமா? சேச்சே. கொஞ்ச நேரம் ஜீப்புல போய் உட்கார்ந்திருந்தேன். கிளப்பல. சும்மாதான்.

அட, ஈயத்தை எடுக்காதீங்க, அதுக்கு வரல. நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடியே வாபஸ் வாங்கத்தான் வந்தேன். கூப்பிடுங்க அவங்களை. தங்கள் மெஷின் கோணல் இல்லை. என் வண்டி உதறிட்டே இருக்கட்டும்.

பொண்ணுக்கு நானே போன் போட்டுட்டேன். வண்டி சரியாகலம்மா, வர முடியாது போலிருக்குன்னேன். அச்சச்சோ, அப்படியாப்பான்னா. எப்பவும் ரெண்டு வார்த்தையில போனை வைக்கிறவ, அன்னிக்கு அரைமணி நேரம் பேசினா தம்பி. சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்குன்னு எல்லாம் கேட்டா.

ஆக, இவ்விவகாரம் தீர்ந்தது, இம்மாதம் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை.