வீட்டுக்குப் பாதி

சத்துணவு அமைப்பாளர் திருமதி சு. தங்கலட்சுமி அவர்களின் பணிநிறைவு விழாவில், பள்ளிக் குடும்பத்தார் வாசித்தளித்த பாராட்டு மடல்

அன்னம் அளந்த அன்னையே! பசியைப் பள்ளி வாசலிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பிய பண்பின் பெட்டகமே! கண்மாய் வறண்ட காலத்திலும் கரண்டி வறளாத கருணையே! மழை தப்பினாலும் மணி தப்பாமல் மதிய உணவிட்ட மாதரசியே! வானம் பார்த்த இந்தத் திருச்சுழிச் சீமையில், வந்த பிள்ளைகளின் வயிறு பார்த்து வாழ்ந்த வள்ளன்மையே! வணக்கம்! வாழ்த்து!

தங்கள் பணிச்சிறப்பை வரிசையாக அடுக்கத்தான் முதலில் உட்கார்ந்தோம். ஆனால் தங்களை முகத்துக்கு நேரே இரண்டு வாக்கியம் புகழ்ந்தால், "அடுப்புல பருப்பு கெடக்கு சார், வாரேன்" என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று அடுப்பில் பருப்பு இல்லை. இருந்தாலும் தங்களை நம்ப முடியாது. ஆகவே தங்கலட்சுமி என்றொரு அம்மையாரின் கதையாக, யாரோ எவரோ என்பது போலச் சொல்கிறோம். உட்கார்ந்து கேட்டருள்க!

தங்கலட்சுமி அம்மையாரைப் பிள்ளைகள் சத்துணவு டீச்சர் என்பார்கள். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அரசாணை எதிலும் இல்லாத சட்டம். விசேஷ நாளில் பள்ளியில் லட்டோ கேசரியோ கொடுத்தால், அதில் பாதியைத்தான் பிள்ளை அங்கே தின்னலாம். மீதி வீட்டுக்கு. கோயில் கொடையோ கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே எது கையில் விழுந்தாலும் இதுதான் சட்டம். "வீட்டுல இருக்கவுக வாயி என்ன வாயில்லையா?" என்று ஒரு அதட்டுப் போடுவார். தலைமையாசிரியை கோகிலாம்பாள் அவர்களே சுதந்திர தின மிட்டாயை ஒரு கடி கடித்துவிட்டு, டீச்சர் பார்க்கிறாரே என்று மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை இந்த ஊரே பார்த்திருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு முழுசாகக் கட்டுப்பட்டு வளர்ந்த ஒரே குடிமகன், அம்மையாரின் ஒரே மகன் மதன்குமார். இன்று அவர் அருள்திரு மதன்குமார். நரிக்குடிப் பக்கத்துச் சபையொன்றின் போதகர். அன்று எங்களுக்கு அவன் "ஏலே மதனு". கதை நடக்கிறவரை அப்படியே அழைக்க அவர் பொறுத்தருள வேண்டும்.

அருப்புக்கோட்டைக் கல்லூரியில் அவன் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது, கூடப் படித்தவன் ஒருவன் அறுப்பின் பண்டிகைக்கு வா என்று தன் சர்ச்சுக்குக் கூப்பிட்டான். விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு தின்கிற பண்டிகை அது. ஆட்டுக்கறிக்குப் போனவன் ஆராதனையிலும் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஞாயிறு கறி இல்லை, அப்போதும் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான்.

இங்கே ஆசிரியர் அறையில் எங்களுக்குத் தலை வெடித்தது. ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடுகிறானே, எங்கே? காதல்தான் என்றார் கணக்கு ஆசிரியர் ஹரி. போலீஸ் பரீட்சைக்குப் பயிற்சி என்றார் தலைமையாசிரியை. "சினிமாவுல சேரப் போறான், மூக்கு நல்லா இருக்குல்ல" என்றார் சமையலர் அழகுத்தாய். அம்மையார் மட்டும் அரிசியில் கல் பொறுக்குவதிலேயே இருந்தார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிந்துகொள்ளும் ஆவல் அதிகம் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

ஏனென்றால் அவன் சாப்பிடும்போது கேட்கிற கேள்விகள் மாறிவிட்டன. "நாம கேட்டது நடக்கலன்னா, சாமிக்குக் காது கேக்கலன்னு அர்த்தமாம்மா?" என்று ஒருநாள் கேட்டான். "காது கேக்கும்டா. கை வேலையா இருப்பாக" என்றார் அம்மையார். சொல்லிவிட்டு அவரே அதை ரெண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் தாமாகவே கேட்டார்: "ஞாயித்துக்கிழம எங்கடா போற?"

"சர்ச்சுக்கும்மா. கேக்கக் கேக்க நல்லாருக்கு" என்றான் மகன். அங்கே ஊர்ப் பெரிய மனிதரும் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவரும் ஒரே வரிசையில் முழங்காலில் நின்று ஒரே அப்பத்தை வாங்குகிறார்கள் என்று சொன்னான். எந்தப் பந்தியிலும் யார் முதலில், யார் பிறகு என்று பார்த்தே பழகிய பிள்ளைக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அவன் அப்பா சுந்தரபாண்டி, மேட்டுக்காட்டில் உளுந்தும் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல்லும் போடுகிற சம்சாரி, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாலு நாளைக்குப் போவான். அலுத்துரும்" என்றார். அலுக்கவில்லை.

பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. எங்கள் டீச்சர் வளர்த்த பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தவறு!

அந்தச் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. ஞானஸ்நானம் வாங்கி முறைப்படி சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அப்பமும் திராட்சை ரசமும். இவனுக்கு அது தெரியாது. சாமி சந்நிதியில் ஒன்றைக் கொடுத்தால் கையை நீட்டுவதுதானே நம் பழக்கம்? போய் வரிசையில் நின்றான். கூட்டத்தில் போதகரும் ஆள் பார்க்காமல் உள்ளங்கையில் அப்பத்தை வைத்துவிட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டாகப் பிட்டுப் பாதியை வாயில் போட்டான். மீதியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தான்.

சபைப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் மறித்தார். "பரிசுத்தமானத எங்க கொண்டு போற? யாரு சொல்லி இதச் செய்யிற?" என்று சத்தம் போட்டுக் கைக்குட்டையை அவிழ்த்து அந்தப் பாதியை எடுத்துக்கொண்டார். வீட்டுப் பெரியாள் யாரையாவது கூட்டிக்கொண்டு வராமல் இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொல்லிவிட்டார். மீசை அரும்பிய பிள்ளை அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். "ஒனக்கு வச்ச பாதியப் பிடுங்கிட்டாகம்மா" என்று அம்மாவின் மடியில் விழுந்தான்.

வேறு தாயாக இருந்தால், இனிமேல் அங்கே போகாதே என்றிருப்பார். இவருக்குக் கோபத்தைவிடக் குறுகுறுப்பு அதிகம். பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் குற்றமாகிற பண்டம் உலகத்தில் உண்டா? அப்படி என்ன பண்டம் அது? அடுத்த ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு தாமே பஸ் ஏறினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். முடிந்ததும் நேரே போதகர் ஞானசிகாமணியிடம் போனார்.

"எம்பிள்ள களவாங்க வரலங்கய்யா. எது குடுத்தாலும் வீட்டுக்குப் பாதின்னு நாந்தான் பழக்கி வச்சேன். தப்புன்னா அது எந்தப்பு" என்றார்.

போதகர் தம் கையை விரித்துப் பார்த்தார். "இத்தன வருசமா இந்தக் கையால குடுக்குறேன்மா. வாங்கும்போதே வீட்டுல இருக்கவுகள நெனச்ச ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அதற்காக விதியை மறைக்கவும் இல்லை. முறையாகச் சேராதவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆனால் வந்து உட்கார்ந்து கேட்க யாருக்கும் தடையில்லை என்று பொறுமையாக விளக்கினார். சத்தம் போட்ட பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு போய் அம்மையாருக்கு டீ வாங்கி வந்தார். அவர் பாதி குடித்துவிட்டு மீதியை மகனிடம் கொடுத்தார்.

கிளம்பும்போதுதான் அடிவயிற்றில் கிடந்த கேள்வியைக் கேட்டார். "இவன் ஒங்க ஆளாயிட்டா, எங்க ஆளு இல்லாமப் போயிருவானாய்யா?"

போதகர் ஏதாவது இனிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். "எனக்குத் தெரியலம்மா. அத இவன்தான் நடந்து காட்டணும்" என்றார். பொய் சொல்லாத அந்த மனிதர்மேல் அம்மையாருக்கு அன்றே மரியாதை வந்தது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டதும் அன்றுதான்.

படிப்பு முடிந்தது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். பிறகு ஒருநாள், போதகராவதற்கு மதுரையில் இறையியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னான். "கொள்ளி போட ஒருத்தன் இருக்கான்னு நெனச்சேன்" என்றார் சுந்தரபாண்டி. அதுதான் அவர் மகனிடம் பேசிய கடைசிப் பேச்சு. மகன் வாசலில் நுழைந்தால் அப்பா காட்டுக்குப் போய்விடுவார். "அவன்கிட்டச் சொல்லு" என்று அவரும், "அப்பாகிட்டக் கேளும்மா" என்று இவனும் நடுவில் அம்மையாரைத் தபால்காரராக்கி வைத்திருந்தார்கள்.

அம்மையார் மதம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை தம் குலசாமிக்கு விளக்கேற்றுவார். சனிக்கிழமை காரியாபட்டி வழியாக மதுரைக்கு பஸ் ஏறி மகனைப் பார்த்துவிட்டு வருவார். மாறச் சொல்லி மகனும் கேட்கவில்லை. விடுதியில் கொடுத்த பன்னிலும் பிஸ்கட்டிலும் பாதியை அவன் அப்பாவுக்கென்று முடிந்து கொடுப்பான். அம்மையார் கொண்டுவந்து சுந்தரபாண்டியின் தட்டோரம் வைப்பார். அவர் தொடமாட்டார். காலையில் அது ஆட்டுக்குட்டிக்குப் போகும். அந்த வருஷங்களில் அந்த வீட்டு ஆடுகள் நன்றாகக் கொழுத்தன என்பது ஊரறிந்த உண்மை!

போன வருஷம் மதன்குமாருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அம்மையார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தம் கைப்பையை வைத்துக் கணவருக்கு இடம் பிடித்திருந்தார். கடைசிவரை அந்த நாற்காலியில் பைதான் இருந்தது. எதையும் தாங்குகிற எங்கள் டீச்சர், மறுநாள் சமையலறையில் அரிசி களையும்போது, "பையத் தூக்கி மடியில வச்சிருக்கலாம், பாக்குறவுக கண்ணுல அதுதான பட்டுச்சு" என்று அழகுத்தாயிடம் சொன்னாராம்.

இதுவரை எழுதி, கடைசியில் வாழ்த்தும் சேர்த்து, இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட முந்தாநாளே அருப்புக்கோட்டைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டோம். நேற்று மதியம் நடந்ததைப் பார்த்த பிறகு ஹரி சார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி வந்தார். இனி வருவது நேற்று இரவு எழுதியது. நடையில் பிசிறு தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அம்மையாரின் கடைசிப் பந்தி. தம் சொந்தச் செலவில் கேசரி கிண்டியிருந்தார். மகன் வந்திருந்தார். அங்கி ஏதுமில்லை, சாதாரணச் சட்டையோடு பிள்ளைகளின் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இலைத் துண்டில் வைத்த கேசரியில் பாதியைத் தின்றார். மீதியை மடித்தார். அம்மா இங்கேயே நிற்கிறாரே, இது யாருக்கு என்று பார்த்தோம். எழுந்து நேரே பள்ளி வாசலுக்கு நடந்தார். அங்கே வேப்பமரத்தடியில், மனைவியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக டிவிஎஸ் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார் சுந்தரபாண்டி. மகன் வருவது அவருக்குத் தெரியாது. ஓடி ஒளியக் காடும் பக்கத்தில் இல்லை.

ஆசிரியர்கள் அத்தனை பேரும் சன்னலுக்கு வந்துவிட்டோம். ஹரி சார் பெஞ்சின்மேலேயே ஏறிவிட்டார்.

"அப்பா, வீட்டுக்குப் பாதி."

சுந்தரபாண்டி இலையைப் பார்த்தார். எங்கள் சன்னலைப் பார்த்தார், குனிந்துகொண்டோம். நிமிர்ந்தபோது இலை அவர் கையில் இருந்தது. நின்றபடியே தின்றார். தோள்துண்டில் வாயைத் துடைத்தார். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"அங்கன ஒனக்குச் சோறு யாருடா ஆக்கிப் போடுறா?"

"நானேதாம்ப்பா ஆக்குறேன்."

"அரிசி?"

"கடையிலதாம்ப்பா."

வண்டியின் சீட்டைத் துண்டால் தட்டினார் சுந்தரபாண்டி. "நம்ம நெல்லு அரைச்சு வச்சது வீட்டுல கெடக்கு. வந்து பாதிய எடுத்துட்டுப் போ" என்றார்.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மையார் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். நாங்களும் அழுதோம். அடுப்புப் புகை என்று சொல்லவும் வழியில்லை; கேஸ் அடுப்பு வந்து வெகுநாளாகிவிட்டது. அழுது முடித்து முகத்தைத் துடைத்த அம்மையார் முதலில் செய்த காரியம், ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிற போதகர் ஞானசிகாமணிக்கு போன் போட்டதுதான். "அய்யா, நடந்து காட்டிட்டான்" என்றார். அந்தப் பக்கம் அவருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்திருக்கிறது.

தங்கலட்சுமி அம்மையீர்! கதை முடிந்தது; இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். தாங்கள் இட்ட சோறு எங்கள் பிள்ளைகளின் எலும்பில் இருக்கிறது. தாங்கள் போட்ட சட்டம் எங்கள் கைப்பைகளில் இருக்கிறது. இன்று முன்வரிசையில் தங்களுக்கு ஒரு பக்கம் கணவரும் மறுபக்கம் மகனும் உட்கார்ந்திருக்க, கைப்பை தங்கள் மடியில் இருக்கும் இந்தக் காட்சியைவிடப் பெரிய பொன்னாடை எங்களிடம் இல்லை.

தாங்கள் ஏற்றும் விளக்கும் தங்கள் மகன் ஏறெடுக்கும் ஜெபமும் இருபுறமும் துணைநிற்க, நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாண்டியும் பல்லாண்டு தாங்கள் வாழ்க! இனி வரும் நாட்களில் பாதி வீட்டுக்கு, மறுக்கவில்லை. மீதிப் பாதி எங்களுக்கு. தங்கள் சட்டம்தான் டீச்சர், தட்ட முடியாது!

என்றும் தங்கள் கையால் உண்டு வளர்ந்த,
தலைமையாசிரியை கோகிலாம்பாள், ஆசிரியர்கள், அலுவலர்கள்,
சமையலர் அழகுத்தாய் மற்றும் பள்ளிப் பிள்ளைகள்